முதலில் காலண்டர், அப்புறம் மோர்: எண்டோமெட்ரியோசிஸும் குடல் பாக்டீரியாவும், புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்கு

போன மாதம் சித்தோட்டிலிருந்து தங்கை முறையாகும் பெண் ஒருத்தி போன் செய்தாள். “ஏனுங்க்கா, எனக்கு எண்டோமெட்ரியோசிஸா இருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க. வயித்துல இருக்கிற பாக்டீரியா சரியில்லைன்னா இது வருமாமா? வீடியோவுல பார்த்தேன். புரோபயாட்டிக் மாத்திரை மாசம் ரெண்டாயிரம் ரூவா ஆகுதுங்க. வாங்கட்டுங்களா?”

புரோபயாட்டிக் என்றால் உயிருள்ள நல்ல பாக்டீரியாவை அடைத்த மாத்திரை. வாங்காதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இந்த நோய்க்கும் ஏதோ தொடர்பு உண்டு என்றுதான் ஆராய்ச்சிகள் காட்டிவருகின்றன. அந்தத் தொடர்பை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யலாம், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் குழப்பம். வரிசை தப்பினால் காசும் போகும், வருஷமும் போகும். எனக்கு இரண்டும் போயின. 16 வயதில் ஆரம்பித்த வலிக்கு 31 வயதில்தான் பேர் கிடைத்தது. நான் மருத்துவர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள், இந்த நோயோடு இருபது வருஷத்துக்கும் மேலாகக் குடித்தனம் நடத்துகிறவள். அவளுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நோய் என்னவென்று இரண்டு நிமிஷம்

கர்ப்பப்பையின் உள்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற சவ்வு ஒன்று உண்டு. அதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ கருக்குழாயிலோ குடல்மேலோ சிறுநீர்ப்பைமேலோ ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அப்படி ஒட்டி வளர்ந்த திசுவைத்தான் இங்கே ‘ஒட்டு’ என்று எழுதுகிறேன். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறினால் அதுவும் வளரும், மாதவிலக்கில் அதுவும் கசியும். ஆனால் கசிந்தது வெளியேற வழி கிடையாது. அந்த இடத்தில் அழற்சி உண்டாகும், தழும்பு விழும், சிலருக்கு உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதற்குச் சாக்லேட் கட்டி என்று பேர்.

நம் பக்கம் சினைப்பையில் எது இருந்தாலும் ‘நீர்க்கட்டி’ என்று ஒரே பேரில் முடித்துவிடுவார்கள். பிசிஓடி (சினைப்பையில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் சேரும் ஹார்மோன் கோளாறு) வேறு, இது வேறு, மருந்தும் வேறு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்கச் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. உங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். யாரும் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

படி 1: அடுப்படிக் காலண்டர்

கைப்பேசியில் செயலி இருக்கிறது, தெரியும். எனக்குக் காகிதம்தான் ஒத்துவந்தது. கேஸ் ஏஜென்சியில் கொடுத்த மாதக் காலண்டரை அடுப்படிச் சுவரில் மாட்டி, பக்கத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். தூரமான நாளுக்கு வட்டம். வலி எவ்வளவு என்று 0 முதல் 10க்குள் ஓர் எண். மலம் கழிக்கும்போது வலித்தால் ‘ம’. ஒண்ணுக்குப் போகும்போது வலித்தால் ‘நீ’. வயிறு உப்பினால் ‘உ’. மாத்திரை போட்டால் ஒரு பெருக்கல் குறி, வேலைக்குப் போகாவிட்டால் ‘லீ’. உடலுறவின்போது வலித்தால் ஒரு புள்ளி, அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். என் மாமியார் இரண்டு நாள் பார்த்துவிட்டு, “இதென்ன கண்ணு, பால் கணக்கா?” என்று கேட்டார்.

பால் கணக்கு மாதிரிதான். மூன்று மாதம் எழுதியபோதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது: ‘ம’வும் ‘உ’வும் வட்டத்தைச் சுற்றியே வந்தன. அதுவரை அதை வாயுத் தொந்தரவு என்று நினைத்து வருஷக்கணக்காகச் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடல் தொந்தரவு மாதவிலக்கோடு கூடிக் குறைந்தால் அது மருத்துவருக்கு முக்கியமான தடயம். இந்த நோய் உள்ள பலருக்கு எரிச்சல் குடல் நோய் என்று முதலில் பேர் வைக்கப்படுவதும் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு.

படி 2: காலண்டரோடு மருத்துவரிடம்

“கல்யாணமானாச் செரியாப் போயிரும்” என்ற பேச்சைக் கேட்காமல் கொங்கு நாட்டில் வளர்ந்த பெண் இருக்கமாட்டாள். ஆனதும், “ஒரு கொழந்தை பொறந்தாச் செரியாப் போயிரும்.” கர்ப்பத்தில் சிலருக்கு வலி அடங்கும், ஆனால் அது வைத்தியம் இல்லை, திரும்பி வரலாம். வேலைக்குப் போகமுடியாத அளவுக்கு, வாந்தி வரும் அளவுக்கு, மயங்கி விழும் அளவுக்கு வலிப்பது சாதாரண மாதவிலக்கு வலி இல்லை. இதை வீட்டில் அப்பாவுக்கோ கணவருக்கோ சொல்லிப் புரியவைப்பது மருத்துவரிடம் சொல்வதைவிடக் கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்பாரு காதில் விழும்படி ‘தூரம்’ என்ற சொல்லைக்கூடச் சொன்னதில்லை. மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைக் கண்டுபிடித்த அருணாசலம் முருகானந்தம் நம் கோவைக்காரர்தான், 2016இல் பத்மஸ்ரீ வாங்கினார். நாப்கினைப் பற்றி ஊர் பேசக் கற்றுக்கொண்டது. வலியைப் பற்றி இன்னும் பேசவில்லை.

மகப்பேறு மருத்துவரிடம் போனால் காலண்டரை மேஜைமேல் வையுங்கள். “வலிக்குதுங்க” என்று மட்டும் சொன்னால் மாத்திரைச் சீட்டோடு திரும்பி வருவீர்கள். “மாசம் நாலு நாள் லீவு போடறேனுங்க, வெளிக்குப் போகும்போது வலிக்குது, மூணு மாசமா எழுதி வச்சிருக்கேன்” என்று சொன்னால் பேச்சே வேறு திசையில் போகும்.

ஸ்கேன் விஷயத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில்தான் நன்றாகத் தெரியும். கல்யாணம் ஆகாத பெண்களுக்கு நம் ஊரில் பொதுவாக அதைச் செய்யமாட்டார்கள், வயிற்றின்மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள். அதில் சின்னச் சின்ன ஒட்டுகள் தெரியாமல் போகும். சந்தேகம் பலமாக இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாமா, ஆசனவாய் வழி ஸ்கேன் செய்யலாமா என்று கேளுங்கள். ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டு, கண்ணால் பார்த்தால்தான் உறுதி என்றார்கள். ஐரோப்பிய கருவளர்ச்சி மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. அறிகுறிகளை வைத்தே மருந்து ஆரம்பித்துப் பார்க்கலாம் என்கிறது.

மருந்தென்றால் பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரை. நம் பக்கம் அதிகம் எழுதிக்கொடுப்பது டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், தினம் ஒன்று. முதல் சில மாதங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிரம் படும், பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள். உடனே குழந்தை வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போது வழி வேறு. “கர்ப்பப்பையை எடுத்துரலாம்” என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். நோய் இருப்பதே கர்ப்பப்பைக்கு வெளியே. அதை எடுத்தாலும் மற்ற இடத்து ஒட்டுகள் தங்கலாம். செலவுக்குப் பயப்படுகிறவர்கள் பெருந்துறை, கோவை, திருப்பூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்றுக்குப் போகலாம். அறுவை சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு மேஜையில் கேளுங்கள்.

வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. மெஃபெனமிக் ஆசிட் வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், வலி உச்சத்துக்குப் போகும்முன் போட்டால்தான் பலன். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் போடக் கூடாது. போட்ட சில வாரங்களுக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல் என்று வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இந்திய மருந்து ஆணையம் 2023 கடைசியில் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. பேர் போடாத மாத்திரையை வேலை செய்யும் இடத்தில் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளிப் பெண்களுக்கு மாதவிலக்கு வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரை கொடுக்கப்படுவது 2019இல் பெரிய செய்தியாக வந்தது. நானும் விழுங்கியிருக்கிறேன். லைன் நிற்கக் கூடாது என்ற அவசரத்தில் என்ன மாத்திரை என்று கேட்கத் தோன்றவில்லை.

சரி, இப்போது பாக்டீரியா

நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாவை எண்ணினால் நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறையச் சமமாக வரும். பெரும்பகுதி பெருங்குடலில். இந்தக் கூட்டத்துக்கும் நம் நோய்க்கும் மூன்று வழியில் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள்.

ஒன்று, ஈஸ்ட்ரோஜன் கணக்கு. வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் மூட்டை கட்டிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது, அப்படியே வெளியே போகட்டும் என்று. ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டையைத் தைத்து லாரியில் ஏற்றுவது போல. ஆனால் குடலில் சில பாக்டீரியாக்கள் தையலைப் பிரிக்கும் நொதியை வைத்திருக்கின்றன. பிரித்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் திரும்ப ரத்தத்துக்குப் போய்விடும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக் கூட்டத்துக்கு 2011இல் எஸ்ட்ரோபோலோம் என்று பேர் வைத்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிற நோய் என்பதால் இதில் அக்கறை வந்தது.

இரண்டு, அழற்சி. நாம் செரிக்க முடியாத நாரைப் பாக்டீரியா நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைச் செய்கிறது. குடல் சுவருக்கு அதுதான் சோறு, அழற்சியையும் அது தணிக்கும். எலிகளில் பியூட்டிரேட் கொடுத்தபோது எண்டோமெட்ரியோசிஸ் ஒட்டுகள் சிறுத்தன.

மூன்றாவதுதான் செய்தித்தாள்களில் அடிபட்டது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வில், நோய் உள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கர்ப்பப்பைச் சவ்வில் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருந்தது. நோய் இல்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் ஒட்டுகள் குறைந்தன.

இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் மெட்ரோனிடசோல் அட்டை வாங்கப் போகாதீர்கள். எலிக்கு நடந்தது எலிக்கு. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் குடலில் நல்லதையும் சேர்த்தே அழிக்கும், பின்னாலேயே பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். இன்னொன்று: பாக்டீரியா மாறியதால் நோயா, நோயால் பாக்டீரியா மாறியதா என்பது இன்னும் தீரவில்லை. வலி இருந்தால் சாப்பாடு மாறும், மாத்திரை உள்ளே போகும், மலம் கட்டும். இது ஒவ்வொன்றுமே குடல் பாக்டீரியாவை மாற்றக்கூடியதுதான்.

அப்படியென்றால் குடலை ஏன் கவனிக்க வேண்டும்? உப்புசமும் மலச்சிக்கலும் குறைந்தாலே நம் மாதத்தில் நாலு நாள் மிச்சமாகும். நோய் போகும் என்ற எதிர்பார்ப்பில் செய்யாதீர்கள். அந்த நாலு நாளுக்காகச் செய்யுங்கள்.

படி 3: தட்டு

புது ஊர்ச் சாப்பாடு எதுவும் வேண்டாம். கம்மஞ்சோறு, ராகிக் களி, சோளச்சோறு, கீரை, கொய்யா, மோர் எல்லாம் நம் அம்மாயி வீட்டில் இருந்ததுதான். ஊத்துக்குளி பேர் வாங்கியது வெண்ணெய்க்கு. எனக்கு வேண்டியது வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிற மோர். நாரைக் கூட்டுவதென்றால் மெதுவாகக் கூட்டுங்கள். மூன்று வேளையும் அரிசிச் சோறு சாப்பிட்டவர் திடீரென்று மூன்று வேளையும் கம்புக்குப் போனால் வயிறு ஊதிப்போய் என்னைத்தான் திட்டுவீர்கள். முதல் வாரம் ஒரு வேளை, அடுத்த வாரம் பார்த்துக்கொண்டு கூட்டலாம். தண்ணீரும் சேர்ந்தே கூட வேண்டும்.

பழையசோறு பற்றி எல்லோரும் கேட்பார்கள். இரவு மீந்த சோற்றில் முங்கத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தால் காலையில் லேசாகப் புளித்த வாசனை வரும். அது லாக்டிக் அமில பாக்டீரியாவின் வேலை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்காகப் பழையசோற்றை ஆராய எடுத்துக்கொண்டார்கள். நம் நோய்க்கான ஆய்வு இல்லை அது. பிடித்தால் சாப்பிடுங்கள், வயிற்றுக்கு இதம், காசும் ஆகாது. வெயில் காலத்தில் மட்டும் கவனம்: நுரைத்து நாற்றம் வந்துவிட்டால் மாட்டுத் தொட்டிக்குத்தான்.

இனி நம் சமையலின் சங்கடம். மோர் வேண்டாம், கீரை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் உப்புசம் அதிகமுள்ளவர்களுக்கு வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை மூலமாகத்தான் பெரும்பாலும் தொல்லை. இவற்றிலுள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகும். இவற்றைக் குறைக்கும் உணவுமுறைக்கு லோ ஃபாட்மேப் என்று பேர், ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் குடல் தொந்தரவுக்கும் அங்கே சோதித்திருக்கிறார்கள், நல்ல பலன் தெரிந்தது. இரண்டிலிருந்து ஆறு வாரம் நிறுத்தி, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஆகவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முறை. காலம் முழுக்கப் பத்தியம் இருப்பதற்கானது இல்லை. நாரும் குறைந்து பாக்டீரியாவும் பட்டினியாகிவிடும். உணவியல் நிபுணர் துணை இருந்தால் நல்லது.

சின்ன வெங்காயம் இல்லாமல் கொங்குச் சமையலா என்று நானும் முதலில் அழுதேன். ஒரு தந்திரம் உண்டு. அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டைத் தட்டி எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், வாயு வராது. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. கொள்ளில்தான் மாட்டிக்கொண்டேன். கொள்ளை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுப் பருப்பை மட்டும் கடைந்தால் வயிறு பொறுத்துக்கொண்டது. ஆனால் வடித்த அந்தத் தண்ணீர்தானே கொள்ளு ரசம்! வாயுவை உண்டாக்குவதும் அதில்தான் இறங்கியிருக்கிறது. ஆறு வாரம் வீட்டில் எல்லோருக்கும் ரசம், எனக்குக் கடைசல். அப்புறம் அரை டம்ளரில் ஆரம்பித்தேன். இப்போது ஒரு டம்ளர் வரை ஒன்றும் செய்வதில்லை, தூரமான நாட்களில் மட்டும் தொடுவதில்லை.

இதையெல்லாம் அதே காலண்டரில் எழுதுங்கள். சாப்பிட்டதையெல்லாம் எழுத வேண்டாம், புதிதாகச் சேர்த்ததையும் நிறுத்தியதையும் மட்டும்.

படி 4: கீழே கை வைக்காதீர்கள்

பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம் லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கிறது. பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை. அந்தப் புளிப்புதான் காவல். சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம், வேப்பிலைத் தண்ணீர், தயிர் எதையும் உள்ளே செலுத்திக் கழுவக் கூடாது. வெளியே வெறும் தண்ணீர் போதும். முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாக வெள்ளை படுவது இயல்பு. மீன் வாடை, அரிப்பு, திரிதிரியாகப் படுவது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

வாங்க வேண்டாதவை

வீட்டுக்கே டப்பா அனுப்பி மலத்தைச் சோதித்து ‘உங்கள் குடல் மதிப்பெண்’ தருகிற டெஸ்ட். அதை வைத்து எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ஹார்மோன் டீடாக்ஸ்’ பொடிகள். அப்புறம் சித்தோட்டுப் பெண் கேட்ட புரோபயாட்டிக். ஈரானில் 2019இல் வெளியான ஒரு ஆய்வில் 8 வாரம் லாக்டோபேசில்லஸ் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாதவிலக்கு வலி கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 40 பேர்கூட இல்லை. கெடுதல் பெரிதாக இல்லை, மாதம் 2000 ரூபாய் கொடுக்குமளவுக்கு ஆதாரமும் இல்லை. அந்தக் காசில் ஒரு நல்ல ஸ்கேன் எடுக்கலாம்.

உதிரம் அதிகம் போகிறவர்கள் ஹீமோகுளோபின் பாருங்கள், 12க்குக் கீழே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். திடீரென்று தாங்க முடியாத வலியோ வலியோடு காய்ச்சலோ மயக்கமோ வந்தால், அல்லது நாள் தள்ளிப்போயிருக்கும்போது வலி வந்தால், காலண்டரும் வேண்டாம், மோரும் வேண்டாம், 108க்கு அடியுங்கள்.

சித்தோட்டுப் பெண் நேற்று ஒரு படம் அனுப்பினாள். கூட்டுறவு சங்கத்துக் காலண்டர், பேனாவைச் சணலில் கட்டியிருக்கிறாள். மூன்று கட்டங்களில் வட்டம், முதல் நாள் 8, அடுத்த நாள் 9. மூன்றாம் நாள் கட்டத்தில் ‘6, ம, கொள்ளு ரசம்’ என்று நெருக்கி எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.